கம்மாக் கரையில் பரப்பிய சாமான்

வெளியூர் புறப்படும்போது எல்லாரும் முதலில் துணிமணியை மடித்து வைப்பார்கள். நான் முதலில் ஸ்பேனர்களை எடுத்து வைப்பேன். கப்பல் ஏறி இந்தியாவுக்குக் கல்யாணத்துக்குப் போகிற மனிதன் பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் இரும்பை வைத்துக்கொண்டா போவான் என்று என் மனைவி கேட்டாள். போவான் என்றேன். தெரியாத ஊரில் வேட்டி கிழிந்தால் இன்னொருவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். வண்டி சேற்றில் இறங்கினால் இன்னொருவருடைய வேட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி, டிராக்டர், ஜீப் எல்லாம் என் பொறுப்பு. நான் அங்கேயே பிறந்தவன், இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தோட்டத்து முதலாளி நாச்சியப்ப செட்டியாரின் தங்கை மகளுக்குக் கண்டரமாணிக்கத்தில் கல்யாணம் நிச்சயமானது. முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். "அம்மான் வீட்டு ஆள் ஒருத்தன் நிக்கணும், நீ போய் நில்லு," என்று என்னை அனுப்பினார். காரைக்குடியில் அவருடைய சிநேகிதரிடம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று சும்மா நின்றது. ஐப்பசியில் கல்யாணம், மழை பெய்யும், வண்டி ஓட்ட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று முதலாளி நினைத்தார். பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த நம்மவர்கள் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம் அது. கல்யாணப் பெண்ணின் குடும்பமும் அப்படி வந்ததுதான்.

காரைக்குடியில் முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். எங்கள் தோட்டத்தில் மானேஜர் பங்களாவைப் பெரிய வீடு என்று நினைத்திருந்தவன் நான். இங்கே ஒரு வீட்டு வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தால் அடுத்த தெருவில் நிற்கிறேன். பாதி வீடுகளில் ஆட்கள் இல்லை, பூட்டுக்கு எண்ணெய் போட ஒருவர் மட்டும் இருக்கிறார். சிநேகிதர் வீட்டில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீகளா?" என்பதுதான். எனக்கு ஒரே சந்தோஷம். மலேயாவில் நாங்களும் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்றுதான் சொல்வோம். மதராஸில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அத்தோடு கவுனி அரிசி என்று கறுப்பாக ஒரு இனிப்பு வைத்தார்கள். எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் இதே அரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சி காய்ச்சுவார்கள். கடல் தாண்டி வந்து நம் வீட்டுப் பக்கத்துக் கடைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சொல் ஒத்துப்போனதால் எல்லாச் சொல்லும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் இடறியது.

ஜீப் நன்றாக இருந்தது. ஆனால் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் ஒரு எலிக்கூடும் பாதி மெழுகுவத்தியும்தான் இருந்தன. மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். பாதை விட்டு இறங்குகிற வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் நிறுத்தாமல் சொல்வேன், கேட்பவர்கள்தான் நிறுத்துவார்கள். முதலில் ஜாக்கி. ஜாக்கி மட்டும் இருந்தால் போதாது, அதற்கு அடியில் வைக்கக் கனமான பலகை வேண்டும். இல்லாவிட்டால் சேற்றில் வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போகும். பிடி குட்டையான மண்வெட்டி வேண்டும், நீளப் பிடி வண்டிக்கு அடியில் திரும்பாது. இழுக்கிறதற்குத் தடித்த கயிறு. சக்கரத்துக்கு முன்னால் போட இரண்டு சாக்கு. காற்றடிக்கப் பம்பு, பஞ்சர் ஒட்ட ரப்பரும் பசையும், மாற்றிப் போட ஃபேன் பெல்ட், ஒரு டின் பெட்ரோல், ஒரு டின் தண்ணீர். தண்ணீர் டின்னில் பெட்ரோல் வாசனை வரக்கூடாது, ஏனென்றால் இன்ஜின் குடித்தது போக மிச்சத்தை நாம்தான் குடிக்கவேண்டும். டார்ச் லைட், தீப்பெட்டி, டிஞ்சர், கட்டுத் துணி, ஒரு பொட்டலம் வெல்லம். வெல்லம் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். நாலு மணி நேரம் சேற்றில் நின்றவனிடம் கேட்கவேண்டும்.

இரும்புக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி எங்குட்டுப் போகுது? காசிக்கா?"

"கண்டரமாணிக்கத்துக்கு."

"அது இந்தா இருக்கு," என்றார். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நடந்தாக் கூடப் போயிரலாம்." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டத்திலும் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், முதல் மழை வரைக்கும்.

இவ்வளவையும் என் ஸ்பேனர்களையும் வைக்க சிநேகிதர் வீட்டு மாடியிலிருந்து ஒரு தேக்குப் பெட்டியைக் கொடுத்தார்கள். மூலைகளில் பித்தளைப் பட்டை அடித்தது. அந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு இதே பெட்டிதான் கிடக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

கண்டரமாணிக்கத்துக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தேன். மழை என்னோடேயே வந்தது. முதலாளியின் தங்கை உமையாள் ஆச்சி வாசலிலேயே நின்று வரவேற்றார். பர்மாவிலிருந்து வந்த வருடமே கணவர் இறந்துவிட்டார். கணவரின் தம்பி சோலையப்பன்தான் ஓடியாடி எல்லாம் பார்த்தார், நான் அவரைச் சோலை அண்ணன் என்று கூப்பிட்டேன். கனத்த உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத மெல்லிய குரல். கல்யாணப் பெண் மெய்யம்மை எனக்கு வெள்ளைப் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, மலேயாவுல பொம்பளைக கார் ஓட்டுறாகளாமே?" என்று கேட்டாள். சிலர் ஓட்டுகிறார்கள் என்றேன். மாவு மாதிரி வெளுத்து, வாயில் வைத்ததும் கரைகிற பணியாரம், தொட்டுக்கொள்ளக் காதில் புகை வருகிற மிளகாய்த் துவையல். கண்ணில் தண்ணீர் வழிய எட்டு தின்றேன்.

அன்று மத்தியானம் வீட்டின் முகமே மாறிப்போனது. காரணத்தைச் சோலை அண்ணன் எனக்கு ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். நகரத்தார் கல்யாணத்தில் பெண் வீட்டுக் கோயில், மாப்பிள்ளை வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வரவேண்டும். அந்த மாலை வந்த பிறகுதான் திருப்பூட்டுவார்கள், அதாவது தாலி கட்டுவார்கள். அப்போதுதான் அந்தத் தம்பதியைக் கோயிலில் ஒரு புள்ளியாகச் சேர்ப்பார்கள், நம்மவர்கள் என்று எண்ணுவார்கள். பெண் வீட்டுக்குப் பிள்ளையார்பட்டிக் கோயில். அங்கே மாலை வாங்கப் போன ஆள், பஸ் நின்றுபோனதால் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

"காலையில போய் வாங்கியாந்தா என்ன அண்ணே?" என்றேன்.

"வாங்கியாரணும். பத்தரைக்குள்ள திருப்பூட்டு." குரலை இன்னும் தாழ்த்தினார். "மாப்பிள்ளையோட ஆத்தா அவுக ஊரு நெற்குப்பையில நாலு பேரு மத்தியில என்ன கேட்டாகன்னு தெரியுமா? 'பர்மாவுலயே கெடந்தவுக. கோயில்ல இன்னும் புள்ளி இருக்கான்னு விசாரிச்சீகளா'ன்னு கேட்டாக. மாலை வரலைன்னா அந்தப் பேச்சு நெசமாப் போயிரும். எங்க ஆச்சி தாங்காது."

நான் பிறந்த மண்ணில் என்னையும் சிலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், நீ இந்த ஊர்க்காரனா என்று. நான் கொண்டுவருகிறேன் என்றேன். ஜீப்புக்கு மேல்கூரை ஒழுகியதால், பெட்டியை இறக்கி வீட்டுக்குள் நடுக்கூடத்தில் வைத்தேன். அவர்கள் அதை வளவு என்கிறார்கள். படுக்கப் போகும்முன் சோலை அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன்: "விடிஞ்சதும் சாமான் பெட்டியை ஜீப்புல ஏத்தச் சொல்லிருங்க. மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டணும்."

"சாமான் பெட்டியவா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"ஆமா. சாமான் இல்லாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

விடியற்காலையில் ஜீப்புக்குப் பின்னால் பெட்டி ஏறியிருந்தது, தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், நல்ல முடிச்சு. நானும் சோலை அண்ணனும் புறப்பட்டோம். பிள்ளையார்பட்டி போகிறவரை தொந்தரவில்லை. வழியில் தரைப்பாலத்தில் சக்கரம் நனைகிற அளவுதான் தண்ணீர் ஓடியது. மலையைக் குடைந்த கோயிலுக்குள் போனதும் மழைச் சத்தம் நின்று, நெய்யும் அருகம்புல்லும் மணந்தது. குளிருக்கு உதறிக்கொண்டு நின்ற யாத்திரைக்காரர்கள் சோலை அண்ணன் மாலையோடு வந்ததைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். ஒரு பாட்டி, "எந்த ஊருக் கல்யாணம்?" என்று கேட்டு, பதில் வந்ததும் மாலையைப் பார்த்துக் கும்பிட்டார். வாழை இலையில் சுற்றிய மாலையைச் சோலை அண்ணன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கோயில் மாலையைக் கீழே வைக்கக் கூடாது, வண்டி இருக்கையில் வைக்கவும் அவருக்கு மனசில்லை.

திரும்பும்போது தரைப்பாலத்தைக் காணோம். ஓரத்தில் நட்ட கற்கள்கூடத் தெரியவில்லை, ஒரே செந்தண்ணீர். எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் குடையை ஆட்டி, வராதே என்று காட்டினார்.

"அங்குட்டு ஒரு கம்மாக் கரை இருக்கு," என்றார் சோலை அண்ணன். "மாட்டு வண்டி போகும்."

மாட்டு வண்டி போகும் என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்கிற கேள்வி, எந்த மாதத்தில் என்பது. அன்றைக்குக் கேட்கவில்லை. கண்மாய்க் கரை மேலே கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. ஒரு பக்கம் நிறைந்து ததும்புகிற தண்ணீர், இன்னொரு பக்கம் வயல். கரை தணிந்து வளைகிற இடத்தில் ஜீப் பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம் போட்டுப் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துப் பார்த்தேன். முன்சக்கரங்கள் சேற்றை வாரி எங்கள் முகத்தில் அடித்தன. எங்கள் ஊர்ச் சேறு வழுக்கும், விடும். இந்தச் சேறு பிடித்தால் விடாத சேறு.

நான் சோலை அண்ணன் தோளைத் தட்டினேன். "கவலைப்படாதீங்க அண்ணே. இதுக்குத்தான் சாமான் கொண்டாந்திருக்கோம்." கடைத்தெருவில் சிரித்தவர்களை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் மிடுக்காகத்தான் இறங்கிப் பின்னால் போனேன். தார்ப்பாயை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தேன். சந்தன வாசனை வந்தது. மேலே ஒரு மஞ்சள் துணி. அதை விலக்கினால் குங்குமம் வைத்த பித்தளைத் தாம்பாளம், அதற்குக் கீழே எவர்சில்வர் அடுக்கு, அதற்குள் இடியாப்பம் பிழிகிற அச்சு. பெட்டிக்குப் பக்கத்தில் சுருட்டிய புதுப் பாய் இரண்டும் உலக்கை இரண்டும் படுத்திருந்தன.

"அண்ணே, சாமான் எங்கே?"

"அதுதான் சாமான்."

"இது இல்ல அண்ணே. ஜாக்கி, மண்வெட்டி, பலகை."

"அதெல்லாம் இரும்பு," என்றார் அவர். "சாமான்னா பொண்ணுக்கு ஆத்தா வீட்டுல குடுக்குறது. கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டு 'சாமான் பெட்டிய ஏத்துங்க'ன்னு சொன்னா வேற எதை ஏத்துவாக? பிள்ளையார் முன்னால வச்சு எடுக்கப் போறீக, அம்மான் வீட்டு வழக்கம் போலன்னு நெனச்சேன்."

"அப்ப கோயில்ல நான் இறக்கலையே, அதைக் கேட்டிருக்கலாமே."

"மழைக்கு யோசிச்சு விட்டுட்டீகன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அவர் மாலையை மழைக்கு மறைவாக மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"ரங்கூனுக்கு எங்க ஆச்சி கொண்டுபோன சாமான் ரெண்டு அறை நெறைய இருந்துச்சு," என்றார். "திரும்பி வரையில கையில ஒரு தூக்குச் சட்டிதான். இது அம்புட்டும் மறுபடி ஒண்ணொண்ணாச் சேத்தது. மதுரைக்குப் போறவுக ஆரு, கும்பகோணம் போறவுக ஆருன்னு பாத்துச் சொல்லிவிட்டுச் சேத்தது. புதுப் பொண்ணு கை படாத சாமான் தம்பி."

என்ன செய்தால் வண்டி வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரே சொன்னார்.

"பாய் போனாப் பாய் வாங்கிக்கிறலாம். இந்த மாலை இங்கயே நின்னுருச்சுன்னா அந்தப் புள்ளைய நாளைக்கு எந்தக் கோயில்ல கொண்டுபோய் எண்ணச் சொல்றது? எடுங்க. நான் கை குடுக்க முடியாது, மாலை இருக்கு. எடுங்க."

தாம்பாளத்தை எடுத்துச் சக்கரத்தடியில் சேற்றை வாரினேன். குங்குமம் மழையில் கரைந்து கையெல்லாம் சிவந்தது. தோட்டத்தில் ரப்பர்க் கட்டைகளைக் குறுக்கே அடுக்கி லாரியை ஏற்றுவோம். இங்கே சக்கரத்துக்கு ஒன்றாக உலக்கைகளைக் குறுக்கே போட்டேன். அதற்கு மேலே ஆளுக்கொரு பாயாக இரண்டையும் சக்கரங்களுக்கு முன்னால் விரிக்கவேண்டும். புதுக் கோரைப் பாய், ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கோடு, நடுவில் மெய்யம்மையின் பெயரைப் பின்னியிருந்தார்கள். பெயர் அடிப்பக்கம் போகும்படி திருப்பிப் போட்டேன், அதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றும் இல்லை.

அப்போது கரையைப் பார்க்க வந்த விவசாயிகள் இரண்டு பேர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தார்கள். நடுவழியில் எவர்சில்வர் அடுக்கும் தாம்பாளமும் பாயும் கிடப்பதைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"பொண்ணு வீட்டு வளவுல சாமான் பரப்பிப் பாத்திருக்கோம்," என்றார் மூத்தவர். "கம்மாக் கரையில பரப்பி இப்பத்தான் பாக்குறோம். எப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்து பாப்பாக?"

சோலை அண்ணனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாலையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்முன் இரண்டு பேரும் சாக்கை எடுத்து உதறிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். பெட்டிக்குள்ளிருந்த கிணற்றுக் கயிற்றை எடுத்து முன்பக்கம் கட்டிக்கொடுத்தேன். ஒருவர் இழுத்தார், ஒருவர் தள்ளினார், நான் மெதுவாக மிதித்தேன். ஒரு உலக்கை படீரென்று உடைந்தது. ஜீப் ஒரு உலுக்கு உலுக்கிப் பாய் மேலே ஏறி, கெட்டித் தரைக்கு வந்து நின்றது. ஒரு பாயைச் சேறு விழுங்கிவிட்டது, தோண்ட நேரமில்லை. மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மூத்தவர் பின்னாலிருந்து, "பொண்ணு நல்லா இருக்கும், போங்க," என்று கத்தினார்.

கல்யாண வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மேளம் ஓய்ந்திருந்தது, அதுவே பயமாக இருந்தது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சோலை அண்ணன் மாலையை ஏந்தியபடி முழங்கால்வரை சேற்றோடு வளவுக்குள் நுழைந்தார். பெண்ணின் சாமான்களைப் பரப்பி வைத்திருந்த வரிசைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார் நின்றிருந்தார், மெலிந்த தேகம், எதையும் எடை போடுகிற கண். அவர்தான் முதலில் பார்த்தார். அவர் கண் மாலையிலிருந்து சேற்றுக்கால் வரை இறங்கியது. பிறகு தானே உரக்கச் சொன்னார்: "பிள்ளையார்பட்டி மாலை வந்துருச்சு. வழி விடுங்க எல்லாரும்."

மேளம் மறுபடி எழுந்தது. நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அப்போதுதான் அந்த வரிசையைச் சரியாகப் பார்த்தேன். பித்தளைக் குடங்களுக்கும் எனாமல் பூசிய மங்குச் சட்டிகளுக்கும் நடுவில், புது ஜமுக்காளத்தின் மேல், என்னுடைய ஜாக்கி இருந்தது. அதற்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியது வரைக்கும் அழகாக அடுக்கியிருந்தன. காற்றுப் பம்பு குத்துவிளக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது. வெல்லப் பொட்டலத்தை மட்டும் வெற்றிலைத் தட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

நடந்தது பிற்பாடு தெரிந்தது. காலையில் சாமான் பரப்ப வந்த உமையாள் ஆச்சி வளவில் மிஞ்சியிருந்த, பார்வைக்கு அதே மாதிரியான என் பெட்டியைத் திறந்ததும் திகைத்து நின்றிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். வரிசையின் நடுவில் அவ்வளவு பெரிய இடம் காலியாக இருந்தால் பேச்சு என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், இரும்பை எல்லாம் துடைத்துப் பரப்பிவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் ஜாக்கியைக் காட்டி, "இது என்ன சாமான்?" என்று கேட்டபோது, "அம்மான் குடுத்தது, மலேயாவுலேர்ந்து. மாப்பிள்ளை கார் வாங்கினா வேணும்ல," என்று கண் இமைக்காமல் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சைக்கிள் வைத்திருக்கிறார்.

திருப்பூட்டு முடிந்து சாப்பாட்டு இலை விழுகிற நேரத்தில் நான் உமையாள் ஆச்சியைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஜீப்பிலிருந்து இறக்கிய சாமானை ஒரு ஓரத்தில் வைத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த உலக்கை, கோணிப்போன தாம்பாளம், சேறு அப்பிய ஒற்றைப் பாய். "ஆச்சி, நான் சொன்ன சொல்லு தப்பாப் போச்சு," என்று ஆரம்பித்தேன்.

"மாலை நனைஞ்சுச்சா?"

"இல்லை ஆச்சி."

"பெறகு என்ன?" தாம்பாளத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "சாமான் எதுக்குக் குடுக்குறோம் தம்பி? போற எடத்துல இது இல்லை, அது இல்லைன்னு எம் புள்ள ஒருத்தர் வாசல்ல போய் நிக்கப்படாதுன்னுதான். நீக எம் புள்ளைக்காக நடுவழியில நின்னீக. அது அங்குட்டு வந்து ஒதவிருச்சு. போய்ச் சாப்பிடுங்க, எலை காயுது."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லாத ஒரே செட்டிநாட்டுச் சாப்பாடு அதுதான்.

மறுநாள் ஜீப்பைக் காரைக்குடியில் ஒப்படைக்கக் கிளம்பினேன். மழை விட்டு வெயில் அடித்தது. என் இரும்புகளைத் திரும்ப எடுத்துவைக்கலாமா என்று சோலை அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பரப்புன சாமானை எடுக்கப்படாது," என்றார். "மாப்பிள்ளை வீட்டுல பாத்துட்டாக. இனிமே அது மெய்யம்மை சாமான்." அவருக்கும் சங்கடம்தான். அந்த ஸ்பேனர்கள் என்னோடு பல வருடம் இருந்தவை, ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அதற்காக ஒரு பெண்ணின் சாமானில் கை வைக்கிறவனும் இல்லை நான். வெறும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன், மேலுக்குச் சட்டை போடாமல் தெருவில் இறங்கினது மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரும் நெற்குப்பைக்குப் புறப்பட நின்றார்கள். பட்டுச் சேலையோடு மெய்யம்மை படியிறங்கி நேரே என்னிடம் வந்தாள். இரண்டு கையிலும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கனத்தில் மூச்சு வாங்கியது.

"அண்ணே, இதை எப்படிப் போடுறதுன்னு காட்டிட்டுப் போங்க."

"உனக்கு எதுக்கும்மா அது?"

"எனக்குக் குடுத்த சாமான். எனக்குத் தெரிய வேணாமா?"

மாப்பிள்ளை தன் தாயாரைப் பார்த்தார். உமையாள் ஆச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கினேன். பலகையை எங்கே வைப்பது, அச்சில் எந்த இடத்தில் கொடுப்பது, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் ஏன் போடவேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து கம்பியைச் சுற்றினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜீப் முனகிக்கொண்டு ஒரு பக்கம் எழும்பத் தொடங்கியது.

மாமியார் படியிறங்கி வந்தார். நான் பேசத் தயாராக நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மருமகள் பக்கத்தில் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சுத்துச் சுத்து ஆத்தா," என்றார். "தரையை விடலை."